இரண்டு முன்வாசல், இரண்டு குசினி

பிளான் கீறுகிற தொழிலில் பென்சிலைவிட அழிறப்பர்தான் கெதியாகத் தேயும். மற்றவர்களுடைய சுவர்களைக் கீறியும் அழித்தும் வயிறு வளர்த்தவன் நான். படவரைஞர் என்று கந்தோர்க் கடிதத்தில்தான் எழுதுவார்கள். படலையைத் திறந்து வருகிறவர்களுக்கு நாங்கள் "பிளான் கீறுற ஆள்". அந்த ஆளுக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டிலும் ஆட்கள் இருக்கவேண்டும் என்பது ஒருத்தருக்கும் நினைவில் வராது. நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால், அல்லது ஒரு சுவரை எங்கே வைப்பது என்று நாலு பேரோடு கதைத்துக் களைத்தவராக இருந்தால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

நான் கீறியதில் வீடுகள்தான் அதிகம். அவை எல்லாம் ஏதோ ஒரு நாளில் முடிந்தன. என்னைப் போட்டு ஆட்டியது ஒரே ஒரு பொது மண்டபம்.

பாதிப் பாதி

பட்டினத்து விளிம்பில் ஒரு வெறுங்காணி. அதற்குத் தெற்கே, குருநகர்க் கரையை விட்டு உள்ளுக்கு வந்து குடியேறிய கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள். வடக்கே, வலிகாமத்துத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள். பட்டினத்தில் வேலை கிடைத்து வந்து வீடு கட்டிய சைவக் குடும்பங்கள். இரண்டு பகுதிக்கும் கலியாணம் செய்ய இடமில்லை, கூட்டம் வைக்கவும் இடமில்லை. காணி ஒன்றுதான், ஆகையால் மண்டபமும் ஒன்றுதான் என்று எண்பத்துநாலில் முடிவாயிற்று. வடக்குப் பக்கத்து ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் தலைவர் ஆனார். தெற்குப் பக்கத்தில் மூன்று வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார் செயலாளர் ஆனார்.

பிளான் கீற என்னைப் பிடித்தார்கள். நான் சைவம். என் மனைவி றெஜினா குருநகர்க் கத்தோலிக்கம், வேதக்காரி. எங்கள் கலியாணத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு குஞ்சு குருமான்கூட வரவில்லை. அன்றைக்குக் குற்றமாக இருந்தது இன்றைக்குத் தகுதியாகிவிட்டது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். "என்னிலை இவ்வளவு நம்பிக்கை வைச்சிருக்கிறியளே, ஐயா" என்று போஸ்ற்மாஸ்ரரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"முழு நம்பிக்கை எண்டு இல்லைத் தம்பி. ரெண்டு பகுதியும் பாதிப் பாதி வைச்சிருக்கு. கூட்டிப் பாத்தால் ஒண்டு வருது."

முன்னுக்கு இரண்டு

சைவப் பகுதி கிழக்கு வாசல்தான் வேண்டும் என்றது. கீறினேன். தெற்குத் தெருக்காரர் பார்த்துவிட்டு, "நாங்கள் சுத்தி வந்து அவையின்ரை வாசலாலையோ ஏறுறது?" என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். தெற்கிலும் ஒரு வாசல் வைத்தேன். அப்போது எது முன்வாசல், எது பின்வாசல் என்ற கேள்வி வந்தது. பின்வாசல் என்ற சொல்லை ஏற்க ஒரு பகுதியும் தயாரில்லை. கடைசியில் இரண்டையும் முன்வாசல் என்றே எழுதினேன். ஒரே அகலம், ஒரே படி, ஒரே மாதிரித் தூண். சம்மாட்டியார் நூல் பிடித்து அளந்து பார்த்து, விரற்கடை வித்தியாசமும் இல்லை என்று கண்ட பிறகுதான் தலையை ஆட்டினார்.

மேசன் இராசு கைதடிப் பக்கத்து ஆள். எந்தப் பகுதியின் வழக்கிலும் அவருக்குப் பங்கில்லை. அத்திவாரம் வெட்ட வந்தவர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எதைத் தேடுகிறார் என்று கேட்டேன்.

"முன்னுக்கு ரெண்டு வாசல் வைச்சிருக்கிறியள், பின்னுக்கு ஒண்டுமில்லை. ஐயா, நான் சீமெந்துச் சாக்கோடை எதாலை போறது?"

ஆறு மாதம்

எண்பத்தாறில் றெஜினாவின் தமையன் கனடாவிலிருந்து அவளையும் பிள்ளையையும் எடுப்பித்தார். எனக்கும் சேர்த்துத்தான் அலுவல் பார்த்திருந்தார். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த நேரம் அது. பாதியில் விட்டுவிட்டுப் போவது சரியில்லை என்று சொன்னேன். றெஜினா என் உடுப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். மகள் மாலினிக்கு அப்போது ஆறு வயது. கொழும்பு பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு, "அப்பா, நீங்கள் எப்ப வருவியள்?" என்று கேட்டாள்.

"மண்டபம் முடிஞ்ச உடனை வாறன். ஆறு மாசம்" என்றேன். அவள் ஆறு விரலை மடித்துப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. வழியனுப்ப வந்திருந்த சம்மாட்டியார் றெஜினாவுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த உரிமையில் என்னை மாப்பிளை என்றுதான் கூப்பிடுவார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் சந்தியில் நின்று கேட்டார்:

"மாப்பிளை, மண்டபம் எப்ப முடியுமெண்டு செயலாளர் எனக்கே தெரியாது. உமக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

சைவக் குசினி

ஆறு மாதத்தில் நாங்கள் வந்து சேர்ந்தது குசினிக்கு. ஒரு குசினியில் மரக்கறி, மற்றதில் மீன் இறைச்சி என்று நினைத்து, ஊர் வழக்கத்தில் "சைவக் குசினி" என்றும் "மச்சக் குசினி" என்றும் பிளானில் எழுதினேன். எங்கள் ஊரில் சைவம் என்றால் சாப்பாடும்தான், சமயமும்தான் என்பது எழுதுகிற நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. சம்மாட்டியார் வாசித்தார். "சைவக் குசினி இருக்கு. மச்சக் குசினி இருக்கு. எங்கடை வேதக் குசினி எங்கை, மாப்பிளை?" என்றார். மச்சம் என்று எழுதியதுதான் உங்களுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், சொல்லவில்லை.

அதற்குள் போஸ்ற்மாஸ்ரர் பிடித்துக்கொண்டார். "அப்ப கலியாணத்து நாலாஞ்சடங்குக்கு எங்கடை ஆக்கள் ஆட்டிறைச்சி காய்ச்சுறது எந்தக் குசினியிலை?" சம்மாட்டியார் விடுவாரா? "மச்சம் தொடாத தபசு காலத்து வெள்ளியிலை நாங்கள் கஞ்சி காய்ச்சுறம். அதை மச்சச் சட்டி கிடக்கிற இடத்திலையோ வைக்கிறது?" என்றார். கணக்குப் பார்த்தால் இரண்டு பகுதிக்கும் இவ்விரண்டாக நாலு குசினி வேண்டும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நாலையும் கீறிக்கொண்டு போய்க் காட்டினேன். போஸ்ற்மாஸ்ரர் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நாலு குசினியையும் கட்டிப்போட்டு, பொம்பிளை மாப்பிளையைத் தெரு ஒழுங்கையிலையோ தம்பி இருத்துறது?"

அழிறப்பர்

கடைசியில் வடக்குக் குசினி, தெற்குக் குசினி என்று இரண்டு. அவரவர் குசினியில் அவரவர் எதையும் காய்ச்சலாம். நடுவில் கூரை முட்ட ஒரு சுவர். எண்பத்தேழில் சண்டையால் வேலை நின்றது, பிறகு தொடங்கியது, பிறகும் நின்றது. றெஜினாவின் கடிதங்கள் வரும். அடியில் மாலினி கொட்டை எழுத்தில் ஒரே வரியைத்தான் எழுதுவாள்: "அப்பா, மண்டபம் முடிஞ்சுதா?"

இனிச் சொல்லப்போவதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. வீட்டில் நான் தனி. ஒரு கோப்பை, ஒரு தட்டு, பற்றரி இறங்கின ரேடியோ. குசினி வழக்கு நடந்த காலத்தில் பின்னேரமானால் படலைச் சத்தம் கேட்கும். போஸ்ற்மாஸ்ரர் வருவார், அவர் போக சம்மாட்டியார் வருவார். பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன், திட்டு வாங்குவேன், ஆனால் வீட்டில் மனிதக் குரல் இருக்கும். வழக்குத் தீர்ந்த பிறகு மூன்று கிழமை படலை திறக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. போஸ்ற்மாஸ்ரர் வீட்டுக்குப் போய், "மேடை தெற்குப் பாத்து நிக்குது, உங்கடை ஆக்கள் ஒண்டும் நினைக்கமாட்டினமோ?" என்று மெல்லக் கேட்டேன். அவர் அதுவரை அதைப் பற்றி யோசித்தே இருக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் படலை இரண்டு தரம் திறந்தது.

கனடாவுக்குப் போகவும் எனக்குப் பயம். அங்கே மைத்துனர் வீட்டு மூலையில் ஒருத்தருக்கும் தேவையில்லாத ஆளாக இருக்கவேண்டும். இங்கே சண்டை பிடிக்கவாவது என்னைத் தேடினார்கள். மேடையைத் திருப்பினேன், பிறகு யன்னல்களை எண்ணி இரண்டு பகுதிக்கும் சமமில்லை என்று நானே கண்டுபிடித்தேன். அன்றைக்கு மேசன் இராசு கையிலிருந்த சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்:

"சனம் சரியெண்டு சொன்ன கோட்டையும் நீங்கள்தான் ஐயா அழிக்கிறியள்."

அங்காலை

தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டபோது மண்டபத்துக்குக் கூரை இருந்தது, கதவுகள் இல்லை. அப்படியே சனம் வந்து நிறைந்தது. காங்கேசன்துறைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிழக்கு வாசலால் வந்தன. கரையில் இருக்க முடியாமல் வந்த குருநகர்ச் சனம் தெற்கு வாசலால் வந்தது. இன்ன வாசலால் வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. என் பிளான் சொல்லிக் கொடுத்துவிட்டது. வடக்குக் குசினி பூமணி அக்காவின் பொறுப்பு, தெற்குக் குசினி திரேசம்மாவின் பொறுப்பு. அந்தக் கிழமையே என் வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தது. நான் கிணற்றடியில் நின்றதால் தப்பினேன். ஒரு பையையும் பிளான் சுருளையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், நடுவில் மேடைக்குக் கீழே பாயைப் போட்டேன்.

முதல் நாள் மத்தியானம் இரண்டு குசினியிலும் சாப்பாடு கொடுத்தார்கள். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. மறந்திருப்பார்கள் என்று பையிலிருந்த பிஸ்கற்றைத் தின்றேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். எந்தக் குசினி வரிசையில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றில் நின்றால் மற்றப் பகுதி என்ன நினைக்கும் என்ற பழைய பயம் வேறு. பிஸ்கற்றும் முடிந்தது. மூன்றாம் நாள் மண்டபத்துக் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது இரண்டு பெண்களும் எனக்கு மேலே நின்று பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்கடை சைவ ஆள் எல்லோ, அங்காலை சாப்பிட்டிருப்பார் எண்டு நினைச்சன்" என்றார் திரேசம்மா. "எங்கடை ஆளோ? கட்டினது உங்கடை பெட்டையை. உங்காலைதான் சாப்பிடுறார் எண்டெல்லோ நான் இருந்தனான்!" என்றார் பூமணி அக்கா. இரண்டு பேரும் ஓடிப்போனார்கள். ஒரு பக்கத்திலிருந்து சோறும் சொதியும் வந்தது, மற்றப் பக்கத்திலிருந்து மீன் குழம்பு வந்தது. ஒரே தட்டில் குழைத்துச் சாப்பிட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். பூமணி அக்கா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உவ்வளவு பெரிய மண்டபம் கீறின நீங்கள், உங்களுக்கு எந்தக் குசினி எண்டு யோசிக்கேல்லையோ, தம்பி?"

முடிஞ்சுது

அடுத்த நாள் இராசுவைக் கூப்பிட்டு, குசினிகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஒரு தட்டுப் போகிற அளவுக்கு ஓட்டை போடச் சொன்னேன். அலவாங்கால் இரண்டு மணித்தியாலத்தில் போட்டார். பிளானிலும் அதைக் கீறினேன். இரண்டு பெண்களும் பிறகும் தனித்தனியாகத்தான் சமைத்தார்கள். ஆனால் வடக்கே சோறு போட்ட என் தட்டு ஓட்டையால் தெற்கே போய்க் குழம்போடு வெளியே வரும். பிறகு அதே ஓட்டையால் நெருப்புப்பெட்டி போனது, உப்புப் போனது, ஏச்சுப் பேச்சும் போனது. போஸ்ற்மாஸ்ரரும் சம்மாட்டியாரும் வந்து பார்த்தார்கள், ஒரு பிழையும் சொல்லவில்லை. எனக்கும் அதற்கு மேல் அழிக்க ஒரு கோடும் இருக்கவில்லை.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று நாள் பசி கிடந்தவனுக்கு ஒன்று விளங்கியது. எனக்கென்று தட்டு எடுத்து வைக்கிற வீடு ஒன்று இருக்க, நான் இங்கே நடுவில் பாய் போட்டுக் கிடக்கிறேன். அன்றைக்கே மாலினிக்கு எழுதினேன்: "மண்டபம் முடிஞ்சுது. அப்பா வாறன்." கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. மாதாமாதம் திரேசம்மா ஓட்டைக்குள்ளால் தலையை நீட்டி, "கடிதம் வந்துதோ?" என்று கேட்பார்.

வந்தது. றெஜினா ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். தான் வேலைக்குப் போவது, குளிர், பள்ளிக்கூடம், தமையன் வேறு வீடு மாறியது எல்லாம் இருந்தது. வாருங்கள் என்றும் இல்லை, வரவேண்டாம் என்றும் இல்லை. அடியில் மாலினி எழுதியிருந்தாள். இப்போது பதினொரு வயது. எழுத்துச் சின்னதாகிச் சரிந்திருந்தது. வழக்கம்போல ஒரே வரிதான்:

"அப்பா, எந்த மண்டபம்?"

அதற்குப் பிறகு நான் புறப்பட்டுப் போனது தொண்ணூற்றைந்தில், சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த ஊரோடு சேர்ந்து, சில மைல் தள்ளியிருந்த கொடிகாமம் வரைக்கும்தான். ஆகவே, தொழில் தோழர்களே, ஒரு கட்டிடத்துக்கு எத்தனை முன்வாசல் வேண்டுமானாலும் வையுங்கள், அது முடிகிற திகதியை மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.