மாற்றலுக்கு ஏற்ற சைக்கிள்

என் மாப்பிள்ளை குருமூர்த்தி கொல்கத்தா சால்ட் லேக்கில் மத்திய அரசு ஆபீசில் வேலை பார்க்கிறார். அதிர்ந்து ஒரு சொல் சொல்லத் தெரியாதவர். ஜூன் மாதம் நூற்றுப் பதினான்கு கிலோ இருந்தார். அந்த எடைதான் என் பேத்தி மஹிமாவின் உயிருக்குக் குறுக்கே நிற்கிறது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், வயதாகிவிட்டது என்றார்கள். அவள் அம்மா தமயந்திக்குச் சர்க்கரை. அப்பாவுடையது பொருந்தியது. ஆனால் துர்கா பூஜைக்குள் அவர் நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன், பூஜைக்கு அப்புறம் தள்ளினால் இவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் குதிகால் வலி, நடக்க முடியாது. வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர்.

பவானிபூரில் ஒரு கடைக்கு நானும் மாப்பிள்ளையும் போனோம். கடைக்காரர் வங்காளி; பெரியம்மா என்பதை மாசிமா என்பார். இரண்டு சைக்கிள் காட்டினார். ஒன்று வீட்டுக்கானது. மெல்லிய குழாய், மடக்கி ஓரமாக வைக்கலாம், ஒற்றை ஆள் தூக்கலாம். இன்னொன்று ஜிம்மில் போடுவது. அதன் சக்கரம் மட்டுமே அம்மிக்கல் கனம்.

"மாசிமா, வீட்டு சைக்கிள் நூறு கிலோ வரைக்கும்தான். அதுவும் தினம் அரை மணி. இவரை ஜிம் சைக்கிள்தான் தாங்கும்" என்றார்.

மாப்பிள்ளை ஜிம் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். அது அசையவே இல்லை.

"இதுவே இருக்கட்டும் அத்தை."

"நாலாவது மாடிக்கு இத யாரு தூக்குவா? லிஃப்ட் இருக்கா? ஏப்ரல்ல மாத்தல் வந்தா லாரியில எவன் ஏத்துவான்?"

"அவர் நூறு கிலோன்னு சொல்றாரே."

"கடைக்காரன் பெரிசத்தான் விக்கப் பாப்பான். மடக்குறத வாங்குங்க."

எங்கள் வீட்டுப் புத்தி அது. மாப்பிள்ளைக்கு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் மாற்றல். கட்டில் மடக்குவது, மேஜை மடக்குவது, சாமி அலமாரிகூட ஆணி கழற்றிப் பிரிப்பது. லாரியில் ஏறாத எதையும் நான் உள்ளே விட்டதில்லை. மாப்பிள்ளை மடக்குவதையே வாங்கினார்.

அரை மணி போதாது என்று தினம் இரண்டு மணி நேரம் மிதித்தார். இருபத்து மூன்றாம் நாள் சீட்டைத் தாங்கும் கம்பி வளைந்து, பெடல் முறிந்து, அவர் தரையில் விழுந்தார். கணுக்கால் வீங்கி மூன்று வாரம் படுக்கை. குறைந்த நான்கு கிலோவில் மூன்று திரும்பி வந்துவிட்டது.

"உனக்கு லாரிதாம்மா முக்கியம்" என்றாள் தமயந்தி. அதோடு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

மஹிமா சிரித்தாள். "என்னையும் மடக்கி ஏத்திடு பாட்டி. வெயிட்டே இல்ல."

மறுநாளே நான் தனியாக பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். ஜிம் சைக்கிளைக் காட்டிப் பணம் கட்டினேன்.

வண்டிக்காரர்கள் அதைக் கீழே கேட் அருகில் இறக்கிவிட்டு, மாடிக்கு முடியாது என்று போய்விட்டார்கள். எதிர் மைதானத்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய் நின்றேன். ஆறு பேர் வந்தார்கள். இரண்டு மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கினார்கள்.

"எந்த டாக்கூர் மாசிமா இது, எந்தச் சாமிக்கு இவ்வளவு கனம்?" என்றான் முன்னால் நின்றவன். "அப்புறம் கீழே இறக்கவும் நாங்கதான் வரணுமா?"

"இது இறங்காது" என்றேன்.

ஹாலில் என் கட்டில் இருந்த இடத்தில் போட்டோம். மாப்பிள்ளை விடியும் முன் ஒரு மணி, ஆபீஸ் விட்டு வந்து இரண்டு மணி மிதிக்கிறார். சைக்கிள் முனகுவதில்லை. அவர்தான் முனகுகிறார்.

நேற்று எடை பார்த்தோம். நூற்று மூன்று. பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொண்டார். டயாலிசிஸ் முடிந்து வந்த மஹிமா சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள், ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து.

அவள் பின்னால் வந்த மாப்பிள்ளை ஷூவைக் கழற்றாமலே சைக்கிளில் ஏறினார். இரண்டு ரொட்டியும் வேகவைத்த சுரைக்காயும் கொண்டு போனேன்.

"ஒரு ரொட்டிய எடுத்துடுங்க அத்தை."

"மயக்கம் வந்துடும்."

"எடுத்துடுங்க."

யாரையும் அரை வயிற்றோடு எழுந்திருக்க விடாதவள் நான். ஒரு ரொட்டியை எடுத்தேன். அவர் மற்றதையும் தொடவில்லை.