மூன்று வால் விமானம்

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, ரியாசுதீனின் வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் பார்க்கும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் ட்யூபும் பிரேக் கட்டையும் இல்லை, விமானங்கள் நின்றன. உலோகத்தில் வார்த்த, உள்ளங்கையில் அடங்கும் பொம்மைகள். எல்லாமே பழைய காலத்து விசிறி விமானங்கள். விரலால் தட்டினால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாததை அவர் வாங்க மாட்டார்.

"ஜெட்டுல என்னா இருக்குது? புகைக்குழாய்க்கு ரெக்கை கட்டின மாதிரி" என்பார்.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். 1974இல் ஊர் திரும்பும்போது, வாடகை சைக்கிளோடு ஒரு டகோட்டா விமானப் பொம்மையையும் கடையில் விட்டுப் போனார். பிறகு வைக்கவுண்ட் வந்தது, பிரிட்டானியா வந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. அது கான்ஸ்டலேஷனுக்கு. நாலு விசிறி, மீன்போல வளைந்த உடம்பு, மூன்று வால். சலூன் காலண்டரில் பார்த்த நாளிலிருந்து அதன்மேல் அவருக்கு ஒரு கண்.

பக்கத்துக் கடையில் படங்களுக்குச் சட்டம் போடும் ஜினதாசனுக்கும் அதன்மேல் கண். இவரைப் பார்த்துத்தான் அவருக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது.

1982, ரம்ஜான் மாதம். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய சாமான் கொண்டுவந்து விற்கும் சுப்பிரமணி, ஒரே ஒரு கான்ஸ்டலேஷன் கிடைத்திருப்பதாக இருவருக்கும் சொல்லியனுப்பினார். நாளை மாலை பஸ்ஸில் கொண்டு வருவார்; இறங்கும்போது முதலில் கை நீட்டுபவருக்கே அது; பஞ்சாயத்துக்கு அவர் வர மாட்டார்.

மறுநாள் வெயில் தாழும் முன்பே இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பஸ் வரவில்லை. நோன்பில் ரியாசுதீனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜினதாசனோ மேற்கே மலையைப் பார்த்துப் பார்த்து நெளிந்தார். நயினார் என்று ஊர் அழைக்கும் ஜைனர் வீடு, பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. அந்த வீட்டில் சூரியன் மலைக்குப் பின்னால் போனாலே பொழுது போன கணக்கு.

"நயினாரே, மலை மறைச்சா அஸ்தமனமா? பொழுது இன்னும் ஜாஸ்தியா இருக்குது. நில்லு."

"உன் பேச்சைக் கேட்டா ராத்திரி பூரா பட்டினிதான் பாய். இதோ, ரெண்டு வாய் போட்டுக்கினு வந்துடறேன்."

சூரியன் மலை உச்சியைத் தொட்டது. ஜினதாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அவர் தெருமுனை திரும்பியிருப்பார். மெட்ராஸ் பஸ் தூசி கிளப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தது. ரியாசுதீனுக்குப் பசியும் தெரியவில்லை, வயதும் தெரியவில்லை. கூடைக்காரிகளையும் மூட்டைகளையும் தாண்டிப் படிக்கட்டுக்கே போய்க் கையை நீட்டினார்.

"நயினார் எங்க பாய்?" என்றார் படியில் நின்ற சுப்பிரமணி.

"சோறு துன்றார். குடு இப்படி!"

செய்தித்தாள் சுருளைப் பிரித்தார். வால் மூன்றும் இருந்தன. விசிறிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலும் கிர்ரென்று சுற்றின.

"யா அல்லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசிலைக் கீழே போட்டார்.

கை ஈரம் காயாமல், தூக்குப் பாத்திரத்தோடு ஜினதாசன் ஓடிவந்தார். "வந்துடுச்சா?"

"வந்து, எறங்கி, கிரிவலமும் போயாச்சு!"

ஜினதாசன் அண்ணாந்து பார்த்தார். வானம் இன்னும் பளிச்சென்று இருந்தது. "இந்த மலை என்னைக் கவுத்துடுச்சே பாய்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

இருவரும் அங்கேயே வாயாடிக்கொண்டும் சீண்டிக்கொண்டும் நின்றார்கள். வெளிச்சம் மங்கி, பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஜினதாசன் தூக்கைத் திறந்தார். நோன்பு திறக்க அவர் மனைவி குணமதி கொடுத்தனுப்பிய எலுமிச்சை சர்பத்.

"விமானத்தை என் கையில குடுத்துட்டு நிம்மதியா குடி."

"அந்த வேலையே வேணாம் நயினாரே!"

ரியாசுதீன் இரண்டு கைகளாலும் கான்ஸ்டலேஷனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். திட்டிக்கொண்டே ஜினதாசன்தான் சர்பத்தை ஊற்றினார்.