கூரைமேல் எண் எழுதிய செல்லத்துரை

செய்தி வந்தபோது நான் போர்ட் பிளேர் லம்பா லைனில், என் வீட்டு வாசலுக்கு வந்த மீன்காரியிடம் இந்த மீன் எப்போது பிடித்தது என்று குறுக்கு விசாரணை நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் செல்லத்துரை அண்ணனின் மகள் கலைச்செல்வி. "அத்தை, அப்பா போயிட்டாரு" என்றாள். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மீனையும் மீன்காரியையும் அங்கேயே விட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு பத்துபஸ்திக்குப் போனேன். எனக்கு முன்பே வீடு நிறைந்திருந்தது. தமிழ், வங்காளம், தெலுங்கு, நம் தீவு இந்தி என்று நாலு பாஷையில் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு டிரைவரின் சாவுக்கு இத்தனை பேரா என்று யாரோ வெளியூர்க்காரர் கேட்டார். எனக்கு அழுகைக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது.

செல்லத்துரை அண்ணனை உங்களில் பலருக்கு 'கர்-காடி டிரைவர்' என்றுதான் தெரியும். வீட்டு வண்டி ஓட்டியவர். அந்த வண்டியில் ஆறு வருஷம் அவரோடு போன நர்ஸ் நான். அவர் ஒப்பந்த ஊழியர், நான் அரசாங்க உத்தியோகம். அவர் என்னை "சிஸ்டர்" என்பார், நான் அவரை "அண்ணே" என்பேன். வாயாடுவதில் நான் அவரைவிட நாலு மடங்கு. சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பதில் அவர் என்னைவிட நாற்பது மடங்கு.

அவருடைய அப்பா அம்மா இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அங்கேதான் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். சுனாமியன்று மனைவியையும் மகளையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார். அம்மாவை ஏற்ற முடியவில்லை. அதைப் பற்றி என்னிடம் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார், அதுவும் அம்மாவைப் பற்றியல்ல, சாமான்களைப் பற்றி. "தண்ணி வடிஞ்ச பொறவு எல்லாம் ஒன்னாக் கெடந்துச்சு சிஸ்டர். அண்டா, கட்டிலு, சைக்கிளு. எது யாரு சாமான்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியல. பக்கத்து லயத்துப் பொம்பள ஒரு தகரப் பெட்டியில பேரு எழுதி வச்சிருந்துச்சு. அது ஒன்னுதான் ஒடையவங்க கைக்கு வந்து சேந்துச்சு." சொல்லிவிட்டு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

வண்டி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே மடித்து வைக்கிற இரண்டு படுக்கை, காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மருந்துக்கு ஒரு சின்னக் குளிர்பெட்டி. சுனாமியில் வீடிழந்தவர்களுக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்த தற்காலிகக் குடியிருப்புகளில் நாங்கள் தங்க இடம் கிடையாது. இந்த வண்டி வந்த பிறகுதான் ஓரிடத்தில் நாலு நாள் தங்கிக் கர்ப்பிணிகளைப் பார்க்க முடிந்தது. ஒரு மழைநாளில், சாலை துண்டித்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், ஒரு ராஞ்சிக்காரப் பெண்ணுக்கு அந்தப் படுக்கையிலேயே பிரசவம் பார்த்தேன். அண்ணன் கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். வெந்நீர் வேண்டும் என்று நான் கத்த வாயைத் திறக்கும்போது வெந்நீர் ஜன்னல் வழியாக வந்தது. ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

அந்த வண்டிக்கு அவர் அடையாளம் போட்ட கதைதான் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். சாத்தத்தில் மரம் அறுக்கும் மில்லில் கட்டையின் முகத்தில் சுத்தியலால் எண் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கிருந்தோ எண் அச்சு வாங்கினார். படுக்கைச் சட்டத்தின் அடியில், அடுப்பின் வயிற்றில், தொட்டிக்குப் பின்னால், அலமாரியின் கீலுக்குக் கீழே என்று ஒரு வாரம் வண்டியின் எண்ணை 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் கீறினார். உள்சுவர்ப் பலகையைக் கழற்றி, வண்டி எண்ணை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மறுபடி மூடினார். எங்கெங்கே என்ன இருக்கிறது என்று படம் போட்டுப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டார். கடைசியில் கூரைமேல் ஏறி, ஒவ்வோர் எண்ணும் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பெயின்டில் எழுதினார்.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, மேல போறது காக்காயும் ஏரோப்ளேனும்தான். ரெண்டுல யாரு வந்து சாட்சி சொல்லுவா?" என்றேன்.

"பாக்க ஆளு இருக்கு சிஸ்டர்" என்றார்.

"தீவுல வண்டியத் திருடி எங்க போவான்? கடல்லயா ஓட்டிட்டுப் போவான்?"

"கடலத் தாண்டாம இங்க எவனும் எங்கயும் போறதில்ல. அதுக்குத்தான் மேல எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்கு நகர்ந்தார். எனக்கு அன்று விளங்கவில்லை; விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை.

கடலில் ஓட்டிக்கொண்டா போவான் என்பது என் ஒருத்தியின் நினைப்பல்ல. அந்த நாளில் போர்ட் பிளேரில் பாதிப் பேர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் கடைக்குள் போவார்கள். சுற்றிலும் கடல் காவல் இருக்கிறதே என்ற தைரியம். அண்ணன் ஒருவர்தான் சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொள்வார். ஒருநாள் பஞ்சர் ஒட்டக் கொடுத்திருந்த ஸ்பேர் டயரை வாங்கிவரப் போனவர், "கையிலயே வச்சுக்கங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். வண்டி நின்ற மருந்துக் கிடங்குக்குள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. சாவியை அதன் துவாரத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன். கால் மணி நேரம் கழித்து, மழை விட்டதும் வந்தபோது வண்டி நின்ற இடத்தில் நனையாத தரை மட்டும் நீளமாகத் தெரிந்தது.

மறுநாளே கேள்வி ஒன்றுதான்: சாவி யாரிடம் இருந்தது? நடந்ததை எழுதித் தரச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். அலுவலகத்தில் எனக்கு வேண்டிய ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "டிரைவர்கிட்ட இருந்துச்சுன்னு எழுதிடுங்க சிஸ்டர். அவனுக்கு என்ன, காண்ட்ராக்ட் ஆளு. வேற எடத்துல வண்டி ஓட்டிக்குவான். நீங்க பதினேழு வருஷ சர்வீஸ்" என்றார். உண்மையைச் சொல்கிறேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னபடி எழுதினால் அண்ணன் வேலை போவது மட்டுமல்ல, திருடனுக்குக் கூட்டு என்றும் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். வெற்றுத் தாளைப் பார்த்தார். "ஒங்களுக்கு எப்புடித் தோதோ அப்புடி எழுதுங்க சிஸ்டர். கீழ நான் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார். கோபமோ குத்தலோ குரலில் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்கிற குரல்.

எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது, வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனது நான்தான் என்று ஒரு மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தீக் ஹை, சரிதான். இனி வண்டியத் தேடுவோம்" என்றார். அதற்குமேல் அந்தச் சாவியைப் பற்றி அவர் பேசியதில்லை.

தேடியது எப்படித் தெரியுமா? நாங்கள் எல்லாம் சந்து சந்தாக அலைந்தோம். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்குப் போனார். எதிர்க்கரையிலுள்ள பம்பூபிளாட்டுக்குப் போகும் படகில் வண்டிகளைக் கீழ்த்தட்டில் ஏற்றுவார்கள்; படகோட்டும் சாரங் மேலே கூண்டில் நிற்பார். அவர் கண்ணுக்கு வண்டிகளின் பக்கங்கள் தெரியாது, கூரைகள்தான் தெரியும். அப்போது இருந்த சாரங் ஒரு வங்காளி; தாதா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் அண்ணன். அவரிடம் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு செல்லத்துரை அண்ணன் தினமும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். திருடன் பெயின்டை மாற்றுவான், நம்பர் பிளேட்டை மாற்றுவான், தரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாத கூரையை மட்டும் மாற்ற மாட்டான் என்பது அவர் கணக்கு.

பதினோராம் நாள் காலையில், நானும் கூட இருந்தபோது, சாரங் தாதாவின் போன் வந்தது. "டிரைவர் சாப், ஆப்கா காடி சட் கயா. ரங் நீலா ஹோ கயா, லேகின் சிர் பே நம்பர் வஹி ஹை." வண்டி ஏறிவிட்டது, நிறம் நீலமாகிவிட்டது, தலையில் எண் அதேதான். நான் பதறிப்போய், இறங்கி ஓடிவிடுவானே என்றேன். "கடல்ல எறங்கி எங்க ஓடுவான்?" என்றார் அண்ணன். நான் கேட்ட கேள்வியையே திருப்பிக் கொடுத்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். சாரங் தாதா அன்று நடுத்துறைமுகத்தில் இன்ஜின் கோளாறு என்று சொல்லிப் படகை நிறுத்தி வைத்தார். பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். நாங்கள் சொல்லி அக்கரையில் போலீஸ் வந்து நின்றதும் கோளாறு தானாகவே சரியாகிவிட்டது.

பிடிபட்ட ஆள் மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவன். சளைத்தவனல்ல. தான் வாங்கியதாகக் காகிதம் காட்டினான், வண்டியின் அடிச்சட்டத்தில் இருந்த எண்ணை ராவி அழித்திருந்தான், கூரை எண் முன்பு வைத்திருந்தவன் எழுதியதாக இருக்கும் என்றான். இன்ஸ்பெக்டர் அண்ணனைப் பார்த்து, உன்னுடையது என்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். அண்ணன் நோட்டைப் பிரித்தார். படுக்கைக்கு அடியில் பாருங்கள் சாப் என்றார். இருந்தது. அடுப்பைத் திருப்புங்கள் என்றார். இருந்தது. ஏழாவது இடத்தில் இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டு, அடுத்தது எங்கே என்று ஆவலாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பலகையைக் கழற்றிப் பிளாஸ்டிக் உறையை எடுத்தபோது அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அண்ணன் அவனைப் பார்த்து, "நீலமும் நல்லாத்தான் இருக்கு" என்றார். வண்டி கடைசிவரை நீலமாகவே ஓடியது உங்களுக்குத் தெரியும்.

வண்டி கிடைத்ததும் என் தவறு மறந்துபோகும் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. பொறுப்பில்லாமல் சாவியை வண்டியிலேயே விட்டதற்காகக் கண்டிக்கப்படுகிறீர்கள் என்று மெமோ வந்தது. சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் ஊதிய உயர்வு நின்றது. வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் அந்த நகலை வாங்கி, தலைப்பில் இருந்த மெமோ எண்ணைப் பார்த்தார். "ஒங்க மேலயும் நம்பர் விழுந்துருச்சு சிஸ்டர்" என்றார். "இனி நீங்க காணாமப் போக மாட்டீங்க." அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். பிறகு இருவருமாகக் குடியிருப்புக்குக் கிளம்பினோம்; தடுப்பூசிக்குப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அவருடைய எண் அச்சுகளை மருமகன் எடுத்துக்கொண்டான். நோட்டு கலைச்செல்வியிடம் இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று காரியத்தன்று அவள் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு உரியது ஏற்கெனவே என் அலமாரியில் இருக்கிறது. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் ஐந்தாறு வந்திருக்கின்றன. அவை எந்தப் பெட்டியில் கிடக்கின்றனவோ தெரியாது. அந்த மெமோவைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது வராமல் இருக்க ஒரே வழி, பழியை அண்ணன் மேல் எழுதியிருப்பதுதான்; அப்படி எழுதியிருந்தால் அந்த அரைமணி நேரத்தின் முடிவில் நான் வேறொருத்தியாக எழுந்திருப்பேன். என் பேத்தி கேட்கிற வயது வரும்போது, உன் பாட்டி இவள்தான் என்று அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவேன்.