கார்டில் நானே எழுதச் சொன்னது

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறேன். அம்மா விட்டுப்போன இரண்டு அறை வீட்டின் பட்டா என் பெயரில் இருக்கிறது. லாட்ஜ் சமையல்காரரும் நானும் தாலி கட்டாமலே அங்கே ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர், "இவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டார் காதில் விழுமே என்று கூசி, "என்ற புருசனுங்க" என்றேன்.

பிறகு சமையல்காரர் குடித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். வெளியே போகச் சொன்னேன். கார்டை எடுத்து நீட்டினார்.

"கணவர்னு நீ எழுத வெச்சதுதானே? நான் எதுக்குப் போகோணும்?"

போலீஸில், "புருசன் பொண்டாட்டி சண்டைக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சேலம் வக்கீல் பட்டாவைப் பார்த்தார். "கேஸ் போடலாமுங்க. ஆனா அந்தக் கார்டைத்தான் அவரு காட்டுவாரு, நொம்ப வருசம் இழுக்கும். கோபத்துல அவரு சாமானைத் தூக்கி வெளிய போட்டுறாதீங்க, அது உங்க மேலயே திரும்பிரும்" என்றார்.

அடிக்குப் பயந்து கடைசியில் வெளியேறியது நான்தான். கிளியூரில் வாடகை அறையில் இருக்கிறேன். கேஸ் போட்டு நான்கு வருடமாக வாய்தாவுக்கு மலையிறங்குகிறேன். பஸ் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறது.

இப்போதெல்லாம் யார் எதை எழுத வந்தாலும் வெட்கப்பட்டு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வதில்லை. புதுக் கார்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. முகவரிதான் என் வீடு இல்லை.