ஒரு சாண் கட்டில்

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை, சீர்வரிசைத் தகராறும் இல்லை. ஒரு சாண் நீளமுள்ள கட்டில். என் பெயர் ஞானசௌந்தரி. சித்தூர் மிஷன் லைனில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு வாய் நீளம் என்று லைன் முழுக்கச் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இங்கே நான் சொல்ல வந்தது என் அம்மா தபீதாளைப் பற்றி. அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம்.

அம்மா மிஷனில் பைபிள் அம்மாளாக இருந்தாள். கறுப்புக் குடையும் பை நிறைய சுவிசேஷப் புத்தகமுமாகத் தெருத்தெருவாகப் போய், வீட்டுப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் வேலை. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா கிருபானந்தம் தச்சர், மிஷன் பட்டறையில் தொழில் கற்றவர். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போன உளி, இழைப்புளிகளோடு அந்தக் குட்டிக் கட்டிலும் டிரங்குப் பெட்டிக்குள் எட்டு வருஷம் கிடந்தது.

1934 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் பெட்டிகளை முற்றத்தில் இறக்கி வைத்தோம். வேலையை மேற்பார்க்க வந்த ஆர்தர் மூப்பரின் கண்ணில் கட்டில் பட்டது. சபையின் மூத்த மூப்பர் அவர். நேர்மையான மனிதர்தான், ஆனால் தன் நேர்மையை ஊரே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நூக்க மரத்தில் செய்த கட்டில் அது. கடைந்த கால்கள், மேலே விதானம் கட்ட நான்கு குட்டித் தூண்கள், தலைமாட்டுப் பலகையில் ஒரு தாமரை. தாமரையின் நடுவில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மரம் வழுவழுவென்று சீவப்பட்டிருந்தது. மூப்பர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா தபீதாள்?"

"தெரியாதுங்க ஐயா. அவரு வச்சிக்கினு இருந்தாரு, நானும் வச்சிக்கினு இருக்கேன்."

"பொம்மைக் கட்டிலுங்க" என்றேன் நான். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆறு வயதில் என் துணிப் பொம்மையை அதில் படுக்க வைத்ததற்கு நைனா என்னை அடித்திருக்கிறார். என் மேல் அவர் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

மூப்பர் சிரிக்கவில்லை. "திருப்பதி மலை மேல ராத்திரியில சாமியக் கட்டில்ல படுக்க வைக்கறாங்கோ. அதப் பாத்து வசதியுள்ள வீட்டுல இந்த மாதிரி செஞ்சி பூஜையில வைக்கறாங்கோ. இதோ, நாமத்தச் சீவின எடம். எதுக்குச் செஞ்சதுன்னு ஞாயித்துக்கெழமை சபைக்கு முன்னால சொல்லணும். இல்லன்னா மூணாவது ஓலைக்கு நான் ஆட்சேபம் சொல்லுவேன்."

கல்யாண ஓலையை எங்கள் சபைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மூன்றாவதில் யாராவது எழுந்து ஆட்சேபம் சொன்னால், விசாரித்துத் தீர்க்கும்வரை கல்யாணம் நிற்கும். எனக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது. மாப்பிள்ளை தனராஜ் பாகாலாவில் ரயில்வே ஃபிட்டர். விக்கிரகம் வைத்துக் கும்பிடும் வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவர் அப்பா அன்றைக்கே வேறு பெண் பார்த்துவிடுவார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை அம்மா நைனாவின் பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "திருப்பதியில ரங்கையா ஆசாரின்னு ஒருத்தரு. சாமி சாமான் செய்யறவரு. நைனாவோட மரம் வாங்கப் போவாரு. அவருக்குத் தெரியும்" என்றாள்.

"திருப்பதிக்கா? வேற வெனையே வேணாம்மா!" என்றேன்.

வியாழக்கிழமை காலை வண்டி ஏறினோம். கட்டில் ஒரு பழைய புடவையில் சுற்றி என் மடியில் இருந்தது. பெட்டி முழுக்க மஞ்சள் துணிக்காரர்கள். நிமிஷத்துக்கு ஒரு கோவிந்தா. பாகாலாவில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில், மிஷன் பள்ளிக்கூடம் பார்க்க வந்திருந்த ஆர்தர் மூப்பரே நின்றுகொண்டிருந்தார். நான் மூட்டையை முந்தானையால் மூடினேன். ஜன்னலருகே வந்து என் மடியை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க பயணம்?"

உறவுக்காரர் வீட்டுக்கு என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா, "திருப்பதிக்குங்க" என்றாள். வண்டி நகர்ந்த பிறகு நான் அம்மாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ரங்கையா ஆசாரிக்கு அறுபது வயதிருக்கும். வலது கட்டைவிரல் பாதிதான் இருந்தது. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பல்லக்குக் கொம்பை இழைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் தெருவிலேயே நின்றோம். யாரென்றும் மூப்பர் கேட்டது என்னவென்றும் அம்மா சொன்னதும் இழைப்புளியைக் கீழே வைத்தார். கட்டிலை வாங்கித் திருப்பினார், முகர்ந்தார், தூண் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், பலகையை வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

"எண்ணெய் எறங்கல. கற்பூர வாசன இல்ல. பித்தள விக்கிரகம் வச்சா பலகையில வட்டமா தடம் விழும், அதுவும் இல்ல. இதுல சாமி படுத்ததே இல்லம்மா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப மாதிரிக் கட்டிலா? துரைமாருக்குக் காட்டறதுக்கா?"

"அதுன்னா நாலு காலும் நாலு தினுசா இருக்கும், எது புடிக்குதோ எடுத்துக்கோன்னு. இது நாலும் ஒரே அச்சு. வெளையாட்டுச் சாமானுக்குத் தூணு இவ்ளோ ஆழமா எறக்க மாட்டாங்கோ." கட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். "சாமிக்குத்தாம்மா செஞ்சது. செய்யச் சொன்னவனே நான்தானே."

ஆசாரி சொன்னது பதினாலு வருஷத்துக்கு முந்திய கதை. திருப்பதியில் ஒரு பெரிய வீட்டின் பூஜைக்குக் கட்டில் ஒப்புக்கொண்ட பிறகு மரம் செதுக்கும் வாச்சி பட்டு அவர் விரல் போய்விட்டது. அந்த நேர்த்தியில் செய்ய அவருக்குத் தெரிந்து நைனா ஒருவர்தான் இருந்தார். யாருக்கும் சொல்லாமல் செய்து வாங்கி, தன் வேலை என்று கொடுத்தார். வீட்டார் தாமரையைப் பார்த்து மெச்சிக்கொண்டார்கள். ஆனால் ஒரு தூண் இறுக்கமாக இருந்ததால், சரிசெய்ய நைனாவையே அழைத்துப்போக வேண்டியதாயிற்று. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் நைனாவிடம், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்.

"பொய் சொல்லுய்யான்னு கண்ணால சாட காட்டினேன். கிருபானந்தம் உள்ளத சொல்லிட்டாரு. சேரியில பொறந்தவன், வேதக்காரன்னு. கட்டில வாசல்ல எறிஞ்சாங்கோ. அவரு நின்ன எடத்துல தண்ணி ஊத்திக் கழுவினாங்கோ, அவரு நின்னுக்கினு இருக்கும்போதே. நான் பேசாம இருந்தேம்மா. எனக்கு அந்தத் தெருவுல பொழப்பு." ஆசாரி எங்களைப் பார்க்காமல் பேசினார். "நாமத்த அவருதான் சீவியிருக்கணும். உங்க வீட்டுக்கு எடுத்துக்கினு போகணுமே."

அம்மா கட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தாமரையின் நடுவில் விரலை வைத்தபடி நின்றாள்.

ஆசாரியே ஒரு வழி சொன்னார். "மாதிரிக் கட்டிலுன்னு ஒரு சீட்டு எழுதித் தரேன். உங்க மூப்பருக்குக் காலு தெரியுமா, கையி தெரியுமா? பொண்ணு கல்யாணம் நடக்கட்டும்." எழுதினார். அம்மா கை நீட்டவில்லை, நான் நீட்டினேன். எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சீட்டு என் ரவிக்கைக்குள் இருந்தது. ஆண்கள் பக்கம் தனராஜும் அவர் அப்பாவும் முன் பெஞ்சில். போதகர் என் பெயரை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்றார். ஆர்தர் மூப்பர் எழுந்தார். கட்டிலைப் பற்றிச் சொன்னார், பாகாலாவில் எங்களைப் பார்த்ததையும் சொன்னார். கோயில் முழுக்க முணுமுணுப்பு. நான் சீட்டை எடுத்து அம்மாவின் கையில் திணித்தேன். "குடும்மா. ஒரு வார்த்த பேச வேணாம், இதக் குடு."

அம்மா சீட்டை நான்காக மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்தக் கணத்தில் அவளை அடித்தே போட்டிருப்பேன்.

"மூப்பர் சொல்றது நெசந்தாங்க. சாமிக்குச் செஞ்ச கட்டில்தான். எங்க ஊட்டுக்காரர் செஞ்சாரு. அவரு தொட்டாருன்னு அந்த வீட்டுல அத எடுத்து எறிஞ்சாங்கோ. நீ யாருன்னு கேட்டப்ப, வேதக்காரன்னு அவரு மறைக்காம சொன்னதாலதான் எறிஞ்சாங்கோ. அவரு மறைக்காதத நான் மறைக்க மாட்டேன். எம் பொண்ணுக்கு இதுல ஒண்ணும் இல்ல. கேக்கறத என்னையே கேளுங்க."

தனராஜின் அப்பா மகன் காதில் ஏதோ சொன்னார். தனராஜ் தலையை ஆட்டினார். ஆமாமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பெரியவர் எழுந்து, "எங்களுக்கு ஆட்சேபம் இல்லீங்க, ஓலைய முடிங்க" என்றார்.

போதகர் ஓலையை முடித்தார். ஆனால் மூப்பர் விடவில்லை. அடுத்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. நைனா போன பிறகும் விக்கிரக சாமானை எட்டு வருஷம் வீட்டில் வைத்திருந்ததற்காக அம்மாவுக்கு ஆறு மாசம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது, பைபிள் அம்மாள் வேலையும் இல்லை என்று தீர்மானம். நைனா அந்த வீட்டு வாசலில் சொன்னது என்ன என்று அங்கே ஒருவரும் பேசவில்லையாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தாங்காது.

கல்யாணம் ஜனவரியில் நடந்தது. அதற்கு அடுத்த மாதத் திருவிருந்துக்கு நான் பாகாலாவிலிருந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாத்திரத்தை எடுத்து வந்தவர் ஆர்தர் மூப்பர். எனக்குக் கொடுத்தார், அம்மாவைத் தாண்டி அடுத்தவளுக்குக் கொடுத்தார். அம்மா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும், "வலிக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள். குடையை விரித்தாள். "அன்னிக்கு அந்த வாசல்ல அவரு ஒண்டியா நின்னாரு. வீட்டுக்கு வந்து எங்கிட்டகூட சொல்லல. இப்பத்தான் கூட நிக்கறேன்."