சர்வீஸ் கடையிலிருந்து உருவிய மெமரி கார்டு

பம்மலிலிருந்து பல்லாவரத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று சட்டைப்பையில் ஒரு மெமரி கார்டு இருந்தது.

அது ஷூ கம்பெனியில் தைக்கும் செல்வி அக்காவுடையது. நான் எடுபிடியாக இருந்த செல்போன் சர்வீஸ் கடையில், ஸ்பீக்கர் பழுதென்று போனைக் கொடுத்திருந்தார். கார்டைக் கழற்றாமல் கொடுப்பதுதான் அப்போது எல்லோருக்கும் வழக்கம். துபாயிலிருக்கும் கணவருக்காக அக்கா தன்னை எடுத்துக்கொண்ட அந்தரங்கப் படங்களைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களுக்கு ப்ளூடூத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா மொறைக்கிற? உங்க அக்காவா அது?" என்று சிரித்தார். கார்டை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

செல்வி அக்காவின் வீட்டை விசாரித்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கார்டைத் தொடவில்லை.

"எத்தினி பேரு பாத்துட்டாங்க?"

"தெரிலக்கா."

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?"

போனோம். "ஏம்மா இப்டிலாம் போட்டோ எடுக்குறீங்க?" என்றார் ஏட்டு.

"என் வூட்டுக்காரருக்கு எடுத்தது சார். திருடுனவனைக் கேளுங்க."

நான் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார்கள். ஸ்டாண்டு ஆட்களின் போன்களுக்குப் போன படங்களை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை.

மறுநாள் காலை, ஸ்டாண்டு வழியாகப் போகாமல் அக்கா சுற்றி நடந்து வேலைக்குப் போனார். கடையைக் கடைக்காரரின் தம்பி திறந்திருந்தான். நான் எதிரிலுள்ள டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். போனோடு யார் அந்தக் கடைக்கு ரோட்டைக் கடந்தாலும், கழுவுவதை விட்டுவிட்டு ஓடுகிறேன்:

"அக்கா, கார்டைக் கழட்டி வெச்சுக்கினு போங்க."