மதர்போர்டோடு போன குரல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கவிருந்த நேரம். அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். என் கணவர் கல்யாண வீடியோ எடுப்பவர். வீரசோழன், பாலவனத்தம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எங்கே விசேஷம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்ப்பது என் வேலை. அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனார். அவரது போனும் அதில் நொறுங்கிவிட்டது. எங்கள் மகள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

அதற்குப் பிறகு டவுனில் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த வீடியோக்களை வாங்கி வீட்டில் வைத்து எடிட் செய்து கொடுத்தேன். அதுதான் பிழைப்பு. ஆனால் புதுக் கேமராக்களின் வீடியோவை எங்கள் பழைய கம்ப்யூட்டர் தாங்கவில்லை. ஒரு காட்சியை நகர்த்தினால் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்க்கலாம், அப்படியேதான் நிற்கும்.

அருப்புக்கோட்டைக் கடைக்காரர் என் கணவருடைய நண்பர். சாவு வீட்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே நின்றவர். கம்ப்யூட்டரின் மூளை மாதிரி இருக்கும் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும், புது மெஷின் மாதிரி ஓடும் என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

என் கண் முன்னால்தான் திறந்தார். பழைய பிராசசரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். பார்க்க இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் புதியது சரியாக உட்காரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்புறம் மேலே இருந்த கம்பியை அழுத்திப் பூட்டினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி லேசாக ஒரு சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. பழைய பிராசசரையே திரும்பப் போட்டார். அப்போதும் வரவில்லை.

உள்ளே இருக்கும் வீடியோவெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மதர்போர்டு எரிஞ்சுபோச்சு மதினி. அது போச்சுன்னா எல்லாம் போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு, விலையைக் குறைத்துப் புது மெஷின் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வருடம் கழித்து அந்தப் புது மெஷினும் மக்கர் செய்தது. எத்தனை நாளைக்குத்தான் ஒருவரை நம்பி இருப்பது? நாமே தெரிந்துகொள்வோம் என்று போனில் தமிழ் வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மதர்போர்டும் தன் காலத்துப் பிராசசரைத்தான் ஏற்கும், மாற்றி வைத்து அழுத்தினால் போர்டில் உள்ள தலைமுடி போன்ற ஊசிகள் வளைந்துவிடும் என்று ஒருவர் விளக்கினார். எனக்கு அந்த அப்பளச் சத்தம் காதில் கேட்டது. அடுத்து அவர் சாதாரணமாகச் சொன்னார்: போர்டு போனாலும், வீடியோவெல்லாம் சேமிக்கிற ஹார்ட் டிஸ்கில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும்.

எங்கள் பழைய பெட்டியின் டிஸ்கில்தான் என் கணவர் எடுத்த வீடியோக்கள் வெட்டாமல் கிடந்தன. முடித்துக் கொடுத்த வீடியோக்களில் பாட்டுதான் கேட்கும். வெட்டாத வீடியோக்களில் மட்டும்தான், கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் பேசுவது இருக்கும். மாப்பிள்ளையைக் கேலி செய்வார், பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார், சிரிப்பார். அவர் குரல் வேறு எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை. மகள் அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்தாள், "அப்பா எப்படிம்மா பேசுவாக?" என்று.

மறுநாளே கடைக்குப் போய், என் கணவர் குரல் அதில்தான் இருக்கிறது என்று சொல்லி அந்த டிஸ்கைக் கேட்டேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. டிஸ்க் நன்றாக இருந்ததால் உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, ஒரு பஞ்சு குடோனில் கண்காணிப்புக் கேமராப் பெட்டிக்குப் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"தெரிஞ்சேதான் எல்லாம் போச்சுன்னு சொன்னீகளா?" என்று கேட்டேன்.

"நான்தான் போர்டை ஒடைச்சேன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு, வாயில வந்ததச் சொல்லிட்டேன் மதினி. உள்ள அவன் குரல் இருக்கும்னு நான் நெனக்கல."

குடோனுக்கு நடந்தே போனேன். அங்கே திரையில் பஞ்சுப் பொதிகளும், வெயில் அடிக்கும் காலி முற்றமும், படுத்திருக்கும் ஒரு நாயும் தெரிந்தன. முதலாளி விஷயத்தைக் கேட்டதும் டிஸ்கைக் கழற்றச் சொல்லி என் கையில் கொடுத்தார். மதுரையில், அழிந்ததை மீட்டுத் தரும் ஓர் இடத்தில் கொடுத்தேன். அழித்ததோடு விட்டிருந்தால் எடுத்திருக்கலாம், இதில் ராப்பகலாக மேலே மேலே பதிவாகியிருக்கிறது, குடோனைத் தவிர எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரர் அதன் பிறகு இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. ஊசிகளை வளைத்ததை நான் மன்னித்திருப்பேன்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். சில சமயம் அவள் அப்பா பேசியதைப் போலப் பேசிக் காட்டுகிறேன். அவளும் சிரிக்கிறாள், ஆனால் கேட்பதெல்லாம் என் குரல்தான். ஒரு பெட்டிக்குள் எது எதோடு சேரும், எது போனால் எது மிஞ்சும் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள்தான் ஆயின. அந்தச் சில வாரங்களை முன்பே ஒதுக்கியிருந்தால் என் பிள்ளைக்கு அவள் அப்பாவின் குரல் மிஞ்சியிருக்குமே என்ற நினைப்பு மட்டும் இன்றுவரை ஆறவில்லை.